இன்னொரு தடவை கேட்டிருந்தா

வேண்டாம்னு சொல்லிட்டேன், தட்டு போயிடுச்சு. ஆப்பிள் கேக், பட்டைத்தூள் வாசனை கமகமன்னு வருது, பக்கத்துல க்ரீம் வேற. பக்கத்து வீட்டு ஹென்க் என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "ஒரு துண்டு எடுத்துக்கிறியா?"ன்னு கேட்டார், நான் "இல்ல, பரவாயில்ல"ன்னேன், அவர் "சரி"ன்னு அடுத்த நாற்காலிக்குப் போயிட்டார். ஒரு "அட, சும்மா எடுத்துக்கோ" கிடையாது, ஒரு "ஏன், உடம்பு சரியில்லையா?" கிடையாது. சரின்னா சரி. ஏழு வருஷமா இந்த நெதர்லாந்துல குப்பை கொட்டறேன், தெரியாதா எனக்கு? நல்லாவே தெரியும். இங்க ஒரு தடவைதான் கேட்பாங்க, அந்த ஒரு தடவையிலயே மனசுல இருக்கறதைச் சொல்லிடணும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம், வாய் சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, மக தென்றலை அவ சிநேகிதி வீட்ல விட்டுட்டு நேரா இங்க வந்து உக்காந்தாச்சு, இப்ப எதிர்ல எல்லாரும் முள்கரண்டியால கேக்கைக் குத்திக் குத்திச் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டு வெறும் காபியோட நான். பக்கத்து வீட்டு வில்மாவுக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்னா இங்க பாட்டு, பந்தி எல்லாம் கிடையாது, கூடத்துல வட்டமா நாற்காலி போடுவாங்க, சாப்பாட்டு மேசை நாற்காலி, தோட்டத்து பிளாஸ்டிக் நாற்காலி, மாடியில இருந்து ஒரு ஸ்டூல், எல்லாரும் சுத்தி உக்காந்து நடுவுல இருக்கற வெறும் தரையைப் பார்த்துக்கிட்டுப் பேசணும். உள்ள நுழைஞ்சதும் ஒவ்வொருத்தர் கையையும் குலுக்கி வாழ்த்து சொல்லணும். வில்மாவுக்குச் சொன்னா போதாது. அவங்க தங்கச்சி கோரிகிட்ட "உங்க அக்காவுக்காக வாழ்த்துகள்," ஹென்க்கிட்ட "உங்க மனைவிக்காக வாழ்த்துகள்," ஜன்னலோரமா உக்காந்திருக்கற முன்ன பின்ன தெரியாத பெரியவர்கிட்ட "உங்க சிநேகிதிக்காக வாழ்த்துகள்." அவர் பேரு யாப்பாம். அவரும் எழுந்திருச்சு என் கையைக் குலுக்கி, "உன் பக்கத்து வீட்டுக்காரிக்காக உனக்கும் வாழ்த்துகள்"ன்னார். நல்லா இருக்கு கூத்து. ஊர்ல யாருக்கோ பிறந்தநாள்னா எனக்கு ஏன்யா வாழ்த்துன்னு கேட்டிருப்போம். ஆனா உண்மையைச் சொன்னா இவங்ககிட்ட எனக்குப் பிடிச்சதும் இதுதான், எல்லாரையும் விடாம ஒரு சுத்து சேர்த்துக்கறாங்க. எதுக்கு சுத்தி வளைக்கணும், நான் கேக் திங்க வரல. வில்மாகிட்ட ஒரு உதவி கேட்கணும். இன்னைக்கு விட்டா நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம், செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன்.

இடது மார்புல கட்டி. நெல்லிக்காய் அளவுதான். குளிக்கும்போது சோப்புக்கு நடுவுல கையில தட்டுப்பட்டது, அன்னையில இருந்து கை தானா அங்க போகுது, பஸ்ல போகும்போது, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி, இப்பக்கூட கையைக் கட்டி உக்காந்திருக்கற மாதிரி உக்காந்துக்கிட்டு விரல் நுனி அங்கதான் இருக்கு, யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க, எடு கையை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க, தெளிவா தெரியலைன்னுட்டாங்க, முழுசா எடுத்துப் பார்த்தாதான் சொல்ல முடியும். மயக்க மருந்து கொடுத்துப் பண்றாங்க, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஆனா கூட்டிட்டுப் போக ஆள் வரணும். டாக்சி கூடாது. தெரிஞ்ச ஆள் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், இல்லைன்னா ஆபரேஷன் கிடையாது, மறுபடியும் வரிசையில நிக்க வேண்டியதுதான், இன்னொரு தடவை தேதி கிடைக்கறதுக்குள்ள அந்த நெல்லிக்காய் என்னவா ஆகுமோ, கடவுளே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணு ஃபோன் பண்ணி "உன்னைக் கூட்டிட்டுப் போக யார் வர்றாங்க?"ன்னு கேட்டா. நான் கூசாம "பக்கத்து வீட்டு வில்மா"ன்னு சொல்லிட்டேன். வில்மாவுக்கு ஆபரேஷன் தேதியே தெரியாது. சும்மாவும் சொல்லல நான், அதுக்கும் ஒரு கதை இருக்கு. போன மாசம் வேலி ஓரமா துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தப்ப வில்மாவே கேட்டாங்க, "கோடி, உன் முகம் சரியில்லையே, என்ன விஷயம்?" பொற்கொடின்னு வராது, கோடின்னு கூப்பிடுவாங்க, அதுல ஒரு பெருமைதான் எனக்கு. ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கும் போலன்னு சொன்னேன். "உன் புருஷனும் ஊர்ல இல்லையே, நான் ஏதாச்சும் உதவி பண்ணணுமா?"ன்னாங்க. கேட்டாங்களா இல்லையா, கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்? "ஐயோ வேண்டாம் வேண்டாம், உங்களுக்கு எதுக்கு சிரமம், நான் பார்த்துக்கறேன்." எங்க ஊர்க்காரி யாரா இருந்தாலும் அடுத்த நிமிஷம் "என்னடி சிரமம், அதெல்லாம் பேசக்கூடாது, நான் வர்றேன்"ன்னு சொல்லி, என்னைத் திட்டி, கையைப் பிடிச்சு இழுத்திருப்பா. வில்மா "சரி, நல்லது"ன்னு சொல்லிட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. பார்த்துக்கறேன்னு சொன்னவ பார்த்துக்குவான்னு நம்பினாங்க. அதுல ஒரு மரியாதை இருக்குன்னு ராத்திரி படுத்துக்கிட்டு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், மரியாதையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, எனக்கு ஆள்தான் வேணும்.

கோரி மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு. மழை, அப்புறம் சாலை வேலை, அப்புறம் லீவுக்குக் கேரவன்னு அந்த வீட்டு வண்டியை எந்த நாட்டுக்கு இழுத்துட்டுப் போறாங்கன்னு, இந்த வரிசை மாறவே மாறாது, நானும் தலையாட்டத் தெரிஞ்சுக்கிட்டேன், எங்க சிரிக்கணுமோ அங்க சிரிச்சும் வைக்கறேன், கன்னம் வலிக்குது. அவங்க பாஷையும் பாதிக்கு மேல புரியும், ஆனா சாயந்தரம் ஆனா மூளை சோர்ந்து போய், காதுல விழுறதெல்லாம் வெறும் இரைச்சலா ஆயிடும். அலுப்பு. இந்த அலுப்பை யார்கிட்ட சொல்ல. எதையும் ரெண்டு தடவை யோசிச்சு, முதல்ல நம்ம ஊர் வழியில, அப்புறம் இவங்க வழியில, ஒரு கேக் துண்டு வேணுமா வேண்டாமான்றதுக்குக்கூட. இந்த வேண்டாம்ங்கற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அம்மாவோட கண்ணு. மதுரையில யார் வீட்டுக்குப் போனாலும் முறுக்குத் தட்டு வந்தா நான் முறுக்கைப் பார்க்கறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்ப்பேன். முதல் தடவை நீட்டினா அம்மா கண்ணு "எடுக்காதே"ன்னும். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். அந்த வீட்டுக்காரம்மா "பிள்ளை சாப்பிடட்டும், நீங்க சும்மா இருங்க"ன்னு சத்தம் போட்ட பிறகுதான் அந்தக் கண்ணு கொஞ்சம் இளகும், ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம். உடனே எடுத்தா அலையறோம்னு நினைப்பாங்க. அந்தக் கண்ணு இப்ப எனக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு. அம்மா செய்ததைக் குத்தம் சொல்லல, அங்க அது சரியாத்தான் வேலை செஞ்சது, வேண்டாம்னு சொல்ல ஒருத்தர், விடாம கேட்க இன்னொருத்தர், ரெண்டு பேர் சேர்ந்து ஆடற ஆட்டம் அது. இங்க நான் மட்டும் தனியா ஆடிக்கிட்டு இருக்கேன். சரி, இவங்க டச்சுக்காரங்க, இவங்களை விடு. இவருக்கு என்ன வந்துச்சு?

இவர்தான், என் வீட்டுக்காரர். மாமா, அதான் இவரோட அப்பா, திண்டுக்கல்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சுன்னு கேட்டதும் கிளம்பிப் போனார், போகத்தான் வேணும், நானே பெட்டி கட்டிக் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் என் ஆபரேஷன் தேதி வந்துச்சு. ஃபோன்ல சொன்னேன். "நான் கிளம்பி வரணுமா?"ன்னு கேட்டார். "வேண்டாங்க, மாமாவைப் பாருங்க, இது சின்னதுதான்"னு சொன்னேன். சொல்லிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அடுப்புல பால் பொங்கற மாதிரி இருக்கு, அதைக்கூட அணைக்காம நின்னேன். "சரி, அப்ப நீ பார்த்துக்கோ"ன்னார். சரியாம். திண்டுக்கல்ல பிறந்து வளர்ந்த மனுஷன், எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க அப்பா விடாம வற்புறுத்தின பிறகுதான் ஒரு வாய் கேசரி சாப்பிட்ட மனுஷன், ஏழு வருஷத்துல இவரும் டச்சுக்காரராப் போயிட்டார். அன்னையில இருந்து தினமும் ஃபோன் பண்றார், தென்றல் சாப்பிட்டாளா, குப்பை வண்டிக்கு டப்பாவை வெளிய வச்சியா, எல்லாம் கேட்கறார். வரட்டுமான்றதை மட்டும் மறுபடி கேட்க மாட்டேங்கறார். கோவம்னா அப்படியொரு கோவம் வருது எனக்கு, ஆனா என்னன்னு சண்டை போடறது, நான் வேண்டாம்னேன், அவர் சரின்னார், இதுல எந்த இடத்துல பிடிச்சு சண்டை போடறது? அவர்கிட்ட கட்டின்னு சொன்னேன், அதுக்கு அடுத்த வார்த்தையை நானும் சொல்லல, அவரும் சொல்லல. உட்ரெக்ட் டவுன்ல நம்ம ஊர்க்காரி சுகந்தி இருக்கா, கூப்பிட்டா ஓடி வருவா, அது தெரியும். ஆனா சுகந்திக்குத் தெரிஞ்சா தமிழ்ச்சங்க வாட்சப் குரூப்புக்கே தெரிஞ்ச மாதிரி, அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள திண்டுக்கல்ல அத்தை வரைக்கும் போய், "ஐயோ என் மருமகளுக்கு"ன்னு ஒப்பாரி, மஞ்சளை அரைச்சுக் குடி, பூண்டைச் சுட்டுத் தின்னுன்னு ஆளாளுக்கு வைத்தியம். அந்தப் பரிதாபத்தைத் தூக்கிச் சுமக்க எனக்கு இப்ப தெம்பில்ல.

எழுந்து பாத்ரூம் போனேன். போகணும்னு இல்ல, கேட்க வேண்டிய வாக்கியத்தை ஒரு தடவை தனியா சொல்லிப் பார்க்கணும். வில்மா, உங்ககிட்ட ஒரு உதவி. வேண்டாம், உதவின்னு ஆரம்பிக்கக் கூடாது. வில்மா, செவ்வாய்க்கிழமை நீங்க வேலையா இருப்பீங்களா? இதுவும் சுத்தி வளைக்கறது, இவங்களுக்குப் பிடிக்காது. இவங்க வீட்டுக் கக்கூஸ்ல சுவத்துல காலண்டர் மாட்டியிருப்பாங்க, வருஷம் போடாத காலண்டர், மாசம், தேதி, பேரு, அவ்வளவுதான், யார் யாருக்கு எப்ப பிறந்தநாள்னு. நாம சாமி படம் மாட்டற பக்தியோட இவங்க இதைக் கக்கூஸ்ல மாட்டறாங்க, முதல் வருஷம் பார்த்தப்ப வயிறு வலிக்கச் சிரிச்சேன். இன்னைக்கு சும்மா ஒவ்வொரு தாளா புரட்டினேன். ஆகஸ்ட்ல, வில்மாவோட நீட்டு நீட்டு எழுத்துல, கோடி. அடிப்பாவி, எப்ப எழுதினாங்க? நான் ஒரு தடவைகூட சொன்னதா ஞாபகம் இல்லையே. சந்தோஷம் வரணும்ல, வந்துச்சுதான், ஒரு நொடி. அடுத்த நொடி அந்த ஆகஸ்ட்டைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஆகஸ்ட்ல நான் எப்படி இருப்பேன்? தலையில முடி இருக்குமா? இருப்பேனா? யாராச்சும் செத்துப் போனா இதுல பேரை அடிப்பாங்களா, இல்ல அப்படியே விட்டுடுவாங்களா, பார்த்தேன், ஜூன்ல ஒரு பேர் அடிச்சிருந்தது, ஸ்கேல் வச்சு நேரா ஒரே ஒரு கோடு. தண்ணியைத் திருப்பி விட்டுட்டு முகத்தைக் கழுவினேன். குளிர்ந்த தண்ணி மட்டும்தான் வரும் இங்க, அதுவும் நல்லதுக்குத்தான்.

திரும்பி வந்தா சீஸ் துண்டும் வெள்ளரி ஊறுகாயும் வந்தாச்சு. சீஸ் வந்துட்டா கூட்டம் முடியப் போகுதுன்னு அர்த்தம், இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் ஒண்ணா எழுந்திருப்பாங்க, அவங்கவங்க வீட்ல ராச்சாப்பாட்டு நேரம், சாப்பாட்டு நேரத்துல இன்னொருத்தர் வீட்ல இருக்கறது இங்க அசிங்கம். நாளைக்கு வந்து தட்டலாமான்னா முன்கூட்டிச் சொல்லாம யாரும் யார் கதவையும் தட்டறதில்ல, ஏற்கனவே ஒரு நாள் அழைப்பு மணி வரைக்கும் போன கையைத் திருப்பிக்கிட்டு வந்தவதான் நான். வில்மா எதிர்ப்பக்கம் உக்காந்திருக்காங்க, நடுவுல அந்த வெறும் தரை. எழுந்து போய்க் காதுல சொல்லலாம், எல்லாரும் பார்ப்பாங்க, காதுல பேசறது இவங்களுக்கு இன்னும் மோசம். கேட்கலைன்னா என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை தனியாப் போய், அந்த நர்ஸ் பொண்ணு கண்ணாடி வழியாப் பார்த்து, கூட யாருன்னு கேட்டு, இல்லைன்னா வீட்டுக்குப் போன்னு அனுப்பி, நெல்லிக்காய் அங்கயே இருந்து, நான் தென்றலுக்கு ரொட்டி கட்டிக்கிட்டே, எத்தனை வாரம், எத்தனை மாசம். தென்றலுக்கு எட்டு வயசுதான் ஆகுது. அவளுக்கு இன்னும் தலை பின்னிக்கத் தெரியாது. கோரி என்னவோ சொல்ல எல்லாரும் சிரிச்சாங்க, சிரிப்பு அடங்கி ஒரு சின்ன இடைவெளி வந்துச்சு, அந்த இடைவெளியில என் குரல் கேட்டுச்சு, நானே திடுக்கிட்டுப் போனேன்.

"வில்மா, போன மாசம் உதவி வேணுமான்னு கேட்டீங்க. வேண்டாம்னு சொன்னேன். வேணும். செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வர ஆள் இல்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. வில்மா முகத்துல இரக்கமோ பதட்டமோ ஒண்ணும் இல்ல, கண்ணைச் சுருக்கிக் கொஞ்சம் யோசிச்சாங்க, அப்புறம் சொன்னாங்க, "செவ்வாய்க்கிழமை என்னால முடியாது. அன்னைக்குப் பேரப்பிள்ளைங்களைப் பார்த்துக்கற நாள்." அவ்வளவுதான். மன்னிச்சுக்கோ, அடடா, அந்த மாதிரி ஒரு பூச்சும் இல்ல. இதுக்கா, இதுக்கா இத்தனை நாள் தூங்காம, இத்தனை பேர் முன்னாடி மானத்தை விட்டு. எழுந்து ஓடிடலாம்னு கால் பரபரக்குது. ஆனா வில்மா என்னை விட்டுட்டு அந்த வட்டத்தையே ஒரு சுத்து பார்த்தாங்க. "செவ்வாய்க்கிழமை யாருக்கு முடியும்?" கேக் யாருக்கு வேணும்னு கேட்கற அதே குரல். கோரி "எனக்குப் பல் டாக்டர்"ன்னாங்க. ஹென்க் "கார் ஓட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க எனக்கு"ன்னார். அப்ப ஜன்னலோரம் இருந்து யாப், இதுவரைக்கும் மழையைப் பத்திக்கூட வாய் திறக்காத மனுஷன், "எத்தனை மணிக்கு?"ன்னார்.

"மத்தியானம் முடிஞ்சிடும்னு சொன்னாங்க."

"காலையிலயும் நானே கூட்டிட்டுப் போறேன். தனியா எதுக்குப் போகணும்? நான் வரட்டுமா?"

உங்களுக்கு எதுக்கு சிரமம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அம்மா கண்ணு முழிச்சுப் பார்க்குது. இந்த மனுஷன் ஒரு தடவைதான் கேட்பார். "வாங்க"ன்னேன், "கட்டாயம் வாங்க." அவர் தலையாட்டினார். விஷயம் முடிஞ்சுது, ஊறுகாய்க் கிண்ணம் மறுபடி சுத்த ஆரம்பிச்சுது. அப்ப கோரி, கையில சீஸ் குச்சியோட, என் முகத்தையே பார்த்துக் கேட்டாங்க, "புற்றுநோயா?"

எங்க வீட்ல யாரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. டாக்டரே சுத்தி வளைச்சுத்தான் சொன்னார். இந்தம்மா, நடுக்கூடத்துல, சீஸ் தின்னுக்கிட்டே கேட்கறாங்க. கோவம் வரும்னு பார்த்தேன். வரல. "தெரியல"ன்னேன். அப்புறம், யாரும் கேட்காமயே, "ரொம்ப பயமா இருக்கு"ன்னேன். அவங்க பாஷையில அதை நான் இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட சொன்னதில்ல. ஒண்ணும் இருக்காதும்மா, தைரியமா இருன்னு யாரும் சொல்லல. யாப் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே "பயம் இருக்கத்தான் செய்யும். என் மனைவிக்கும் இருந்துச்சு"ன்னார். மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்தேன், ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு வாசப்பக்க நடைக்கு வந்தேன். ஈரக் கோட்டு வாசனை. அத்தனை கோட்டுக்கு நடுவுல சுவத்தோட ஒட்டி நின்னுக்கிட்டு இவருக்கு ஃபோன் போட்டேன்.

"சொல்லு பொற்கொடி, சாப்பிட்டியா?"

"இல்ல. நீங்க வர வேண்டாம்னு சொன்னேன்ல, அது பொய்."

பின்னாடி மாமா யாரையோ தண்ணி கேட்கறது காதுல விழுது. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா"ன்னார்.

"நீங்க இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?" சத்தமாத்தான் சொல்லிட்டேன், உள்ள பேச்சு நின்ன மாதிரி இருந்தது, நிக்கட்டும். "எனக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு பயந்து சாகறேன் நான். குப்பை டப்பாவைப் பத்திக் கேட்கறீங்க. அதை மட்டும் கேட்கல."

"எனக்கும் பயம்தான்"னார். "கேட்டா நீ வான்னு சொல்லிடுவியோன்னு. வான்னு சொன்னா அது பெருசுதான்னு ஆயிடும்ல."

இதை நான் எதிர்பார்க்கல. கோட்டு ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன், யாரோடதுன்னு தெரியல.

"அப்பாவை அண்ணன்கிட்ட விட்டுட்டுக் கிளம்பறேன்"ன்னார். "ஆனா செவ்வாய் சாயந்தரம்தான் வந்து சேர முடியும். ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். பரவாயில்லையா? வரட்டுமா?"

"வாங்க"ன்னேன்.